சீனியர் சொன்னார், சரி; எந்த வருஷத்து சீனியர்?

வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளிடம் வாட்ஸ்அப் குரூப் வேண்டாம், டெலிகிராம் வேண்டாம், யூடியூப் பார்க்காதே என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சேலத்தில் உட்கார்ந்து ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவன் நான். முன்பெல்லாம் ஒரு சின்னச் சந்தேகத்துக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியும் முன்னே சென்ட்ரலில் இறங்கி, முகம் கழுவி, நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழி நிலையமான கோத்தே இன்ஸ்டிட்யூட் கதவு திறக்கும்வரை டீக்கடையில் பொழுதைப் போக்க வேண்டும். அமெரிக்கா என்றால் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கிற துணைத் தூதரகம். ரயில் டிக்கெட்டுக்கே யோசிக்கிற வீடுகளிலிருந்து யாரும் கிளம்பியதில்லை. இன்றைக்கு அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பையன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டெக்சாஸில் இருக்கிற அட்மிஷன் ஆபீசரிடம் நேராகக் கேள்வி கேட்கிறான். நமக்கு இரவு ஒன்பதரை என்றால் கோடையில் அங்கே காலை பதினொன்று.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் படிக்கிறாள். பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 20 பேருக்கு அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது என்று அவளுக்குத் தெரியவந்ததே யூடியூபில்தான். வீட்டுக்குள் டவர் எடுக்காது. ரோட்டு மேட்டுக்கு வந்து டவுன்லோடு பண்ணிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். அவள் படித்த கல்லூரியில் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதனால் இந்தக் கருவிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். போன மாதம், பையனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பும் யோசனையோடு கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. உட்கார்ந்ததும் போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றினார். "ஏ.பி.எஸ். எடுக்கோணும், 18,000 கட்டோணும்னு பையன் நிக்கறானுங்க சார். இந்தத் தம்பி அங்கயே படிச்சவரு, அவரு என்ன சொல்றாருன்னு கேளுங்க." ஒரு வாய்ஸ் நோட். பின்னால் டிராம் மணிச் சத்தம் வேறு. "ஆன்ட்டி, நான் ஏ.பி.எஸ். எதுவும் எடுக்கல. யூனி-அசிஸ்ட்ல அப்ளை பண்ணேன், விசா வந்துச்சு, கிளம்பிட்டேன். அதுக்கெல்லாம் காசு கேட்டா ஏமாந்துடாதீங்க."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் போனது 2021-இல். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அந்த ஏ.பி.எஸ். கட்டாயமானது 2022 நவம்பர் 1 முதல். ஒருசில விலக்குகள் தவிர, அது இல்லாமல் இப்போது மாணவர் விசாவுக்கு விண்ணப்பமே நகராது. நல்ல மனசோடு, ஒரு பைசா வாங்காமல், அக்கறையாகச் சொன்ன அந்த ஒரு நிமிடப் பேச்சை நம்பியிருந்தால் பையனுக்கு ஒரு செமஸ்டர் போயிருக்கும். அந்த அம்மாவுக்கு அதை விளங்கவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. காரணம், நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தத் தம்பியோ டிராம் ஓடுகிற ஊரில் இருக்கிறார்!

இதே கதைதான் மற்றதிலும். ஜெர்மனிக்கான பிளாக்டு அக்கவுன்ட் (செலவுக்கென முன்கூட்டியே கட்டி முடக்கி வைக்கும் கணக்கு) தொகை 11,208 யூரோ என்று பின் பண்ணிய மெசேஜ் இன்னும் எத்தனையோ குரூப்களில் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரிலேயே அது 11,904 ஆகிவிட்டது. கனடாவில் கையிருப்பாகக் காட்ட வேண்டிய பணம் 10,000 டாலராக இருந்தது, 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆனது. ஒரே வருஷ இடைவெளியில் அண்ணன் சொன்ன கணக்கு தம்பிக்கு இரட்டிப்பாகிவிட்டது. அப்புறம் "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" ரீல்ஸ். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சேலத்து மெக்கானிக்கல் பையன்கள் கனவு காண்கிற ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் நம்மவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. முப்பது விநாடி ரீலில் இதற்கெல்லாம் இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி நாம் மாத்திரை வாங்குவதில்லை. விசா விஷயத்தில் மட்டும் தயங்காமல் செய்கிறோம்.

சீனியரிடம் கேட்க வேண்டியது ஏராளம் இருக்கிறது. ரூம் எங்கே கிடைக்கும், குளிருக்கு என்ன ஜாக்கெட், அந்தப் பேராசிரியர் எப்படி, தமிழ்ச் சாப்பாட்டுக்கு என்ன வழி, தனியாக இருக்கும்போது யாரிடம் பேசலாம். இதை எந்த அலுவலகமும் சொல்லித் தராது. விதியை மட்டும், அதற்குப் பொறுப்பான ஆளிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு மாணவர் விவகாரத்துக்கென டி.எஸ்.ஓ. என்று ஒரு அதிகாரி உண்டு. பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் உங்கள் ஐ-20 தாளிலேயே அவர் பெயர் அச்சாகி இருக்கும். வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாமா, ஒரு பாடத்தை விட்டுவிடலாமா என்று அவருக்கு மெயில் போட்டால் பதில் பதிவாக நிற்கும். "பெட்ரோல் பங்கில் கேஷாகக் கொடுப்பாங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்று வாய்ஸ் நோட்டில் சொல்பவர், நாளைக்கு உங்கள் விசா தகுதி பறிபோனால் குரூப்பை விட்டு லெஃப்ட் ஆகிவிடுவார். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். நம்மூரில் டேட்டா பேக் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். "இலவச வழிகாட்டி" குரூப்களில் பல, ஏஜென்ட்டுகள் நடத்துபவை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்துத் தரும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த வழக்கம், குற்றமும் இல்லை. ஆனால் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அப்படி ஒரு கமிஷன் கிடையாது. அதனால்தான் எண்பது சதவீதம் மார்க் வாங்கிய பிள்ளையைக்கூட "உங்களுக்கு அங்கே கிடைக்காதுங்க, இந்தப் பிரைவேட் யுனிவர்சிட்டி பாருங்க" என்று தள்ளிவிடுகிறார்கள். அட்மின் யார், அவருக்கு எங்கிருந்து வருமானம் என்று குரூப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நல்ல குரூப். உங்களை ரிமூவ் பண்ணினாலும் ஒரு பதில் கிடைத்த மாதிரிதான்.

சரி, வெப்சைட்டும் முகநூல் பக்கமும் இருந்தால் நம்பலாமா? மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. அழகான இணையதளம், முகநூல் பக்கம், அரசுப் பட்டியலில் பெயர், எல்லாம் இருந்தன. வகுப்பும் ஆசிரியரும் மட்டும் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே விரித்த வலை அது. 2019 ஜனவரியில் வெளிவந்தபோது சேர்ந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். தெரிந்தே சேர்ந்தார்களா, தெரியாமல் சேர்ந்தார்களா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அங்கே படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து "இந்த வாரம் என்ன பாடம் நடந்தது?" என்று கேட்பதுதான் வழி. இதற்கு சமூக ஊடகத்தைவிட நல்ல கருவி கிடையாது. நம் பிள்ளைகளோ அதே ஆளிடம் போய் விசா விதி கேட்கிறார்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பது 2019-இலிருந்தே உண்டு. 2025 ஜூனில் மாணவர் விசா கேட்போர் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். உடனே "அக்கவுன்ட்டை டெலிட் பண்ணிடு, இல்லைன்னு போட்டுடு" என்று குரூப்பில் யோசனை ஓடியது. கணக்குகளை மறைத்தால் விசா மறுக்கப்படலாம், எதிர்கால விசாவுக்கும் சிக்கல் வரலாம் என்று தூதரகம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. விசா நேர்காணலுக்கு ஸ்லாட் பிடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் பணம் கட்டுவதும் அப்படித்தான். பாட் (தானாக இயங்கும் மென்பொருள்) வைத்துப் பதிவு செய்யப்பட்ட சுமார் 2,000 நேர்காணல் முன்பதிவுகளை 2025 மார்ச்சில் ஒரேயடியாக ரத்து செய்தார்கள்.

சாட்ஜிபிடி எழுதித் தரும் எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) பற்றித் தனிப் பதிவே போடலாம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் "சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்" இருந்திருக்க வாய்ப்பில்லை. பட்டறையில் அப்பாவுக்கு உதவியதை எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். அதுதான் படிக்கிற மாதிரி இருக்கும்.

ஆபத்து நேரத்தில் இதே குரூப்கள்தான் கைகொடுக்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. 2022-இல் உக்ரைனில் மாட்டிக்கொண்ட மருத்துவ மாணவர்கள் எந்த எல்லைக்குப் போவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது போனில்தான். 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு சண்டை வீடியோ பரவியதும் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது. வெளியே வராதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரித்ததும் அதே சமூக ஊடகத்தில்தான். ஆனால் அந்த நேரத்தில் தூதரகத்துக்கு உங்கள் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் (மதம் அல்ல, இந்தியில் உதவி என்ற பொருளில் "மதத்") மாணவர் பதிவு என்று ஒன்று இருக்கிறது. பத்து நிமிட வேலை. விமானம் ஏறும் முன் எத்தனை பேர் செய்கிறார்கள்? என்னிடம் வருகிறவர்களில் பெற்றோர்தான் முதலில் அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், பிள்ளைகள் இல்லை.

குரூப் நடத்துகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு இரண்டே கோரிக்கை. பதில் சொல்லும்போது நீங்கள் போன ஆண்டு, மாநிலம், படிப்பு மூன்றையும் முன்னால் போடுங்கள். பின் பண்ணிய மெசேஜில் தேதி போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்து, மாறியிருந்தால் எடுத்துவிடுங்கள். நம்மூர்க் கல்லூரிகளிடமும் ஒன்று. பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஒரு அறையும் ஏசியும் கொடுக்கிறீர்கள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கென்று, டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (கல்லூரி தரும் மொத்த மதிப்பெண் விவரச் சான்று) யாரைப் பார்ப்பது என்றாவது தெரிந்த ஒரு ஆசிரியரையும் ஒரு மெயில் ஐடியையும் ஒதுக்குங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான குளிர்காலப் பருவ விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. ஏ.பி.எஸ். கையில் வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அந்த மெயில் ஐடி நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டியது மார்ச்சுக்குள்.