பற்றரி இருந்ததோ?

(மாங்குளம். விறாந்தை. பாரிசிலிருந்து வந்த பெறாமகனும் பெரியம்மாவும். பெரியம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறா.)

தம்பி: போடரில மறிச்சு வைச்சிட்டாங்கள் பெரியம்மா. முழுசாப் பத்து நிமிசம்! எனக்கு விசர் வந்திட்டுது.

பெரியம்மா: ஐயோ மோனை. ஆர் மறிச்சது? இவையோ, அவையோ?

தம்பி: ஜெர்மன் பொலிஸ். ஜெர்மனியில ஹம் எண்ட ஊர்க் காமாட்சி அம்மன் தேருக்குக் காரில போகேக்க.

பெரியம்மா: பற்றரி இருந்ததோ?

தம்பி: என்ன பற்றரி?

பெரியம்மா: ரோச் பற்றரி. சண்டைக் காலத்தில வன்னிக்குப் பற்றரி கொண்டுவர ஆமி விடாதெல்லோ? தாண்டிக்குளம் சென்றியில ரெண்டு பற்றரிக்கு என்னைப் பொழுதுபடுமட்டும் இருத்தி வைச்சவங்கள்.

தம்பி: அங்க ஆர் பற்றரி தேடுறது? வழமையா ஒருத்தரும் மறிக்கிறதே இல்லை. பாரிசில வெளிக்கிட்டா பெல்ஜியம் எப்ப வந்ததெண்டே தெரியாது. ரோட்டோரத்தில ஒரு நீலப் பலகை. போனுக்கு ஒரு மெசேச். அவ்வளவுதான்.

பெரியம்மா: இறங்கி எவ்வளவு தூரம் நடக்கோணும்?

தம்பி: ஏன் இறங்கோணும்?

பெரியம்மா: நடுவில சூனியப் பிரதேசம் கிடக்குமெல்லோ? ரெட்குறொஸ்காரர் நிப்பினமெல்லோ?

தம்பி: ஒரு குருவியும் நிக்காது! 1985இல லக்சம்பேர்க்கில, செங்கன் எண்ட ஊரில, ஆத்தில நிண்ட கப்பலுக்க வைச்சு, போடர்ச் செக்கிங்கை எடுக்கிறதெண்டு அஞ்சு நாடு கையெழுத்துப் போட்டது. இப்ப 29 நாடு.

பெரியம்மா: 29 நாட்டுக்கும் எத்தினை பாஸ்?

தம்பி: பாஸே இல்லை. பாஸ்போட்டோ வதிவிட விசாக் காட்டோ கையில இருந்தாச் சரி.

பெரியம்மா: நான் வவுனியாவுக்குக் கண் காட்டப் போறதுக்கு இஞ்சால இயக்கத்திட்ட ஒரு பாஸ், அங்கால ஆமியிட்ட ஒரு பாஸ். பள்ளிக்கூடத்தில ஒரு நாடு எண்டுதான் படிப்பிச்சவை.

தம்பி: இப்ப ஜெர்மனி திரும்பவும் துடங்கியிருக்கு. 2024 செப்ரெம்பர் 16இல இருந்து எல்லாத் தரைப் போடரிலயும் செக்கிங். டிக்கியைத் திற எண்டான். எனக்கு வந்த கோவம்!

பெரியம்மா: பெட்டியளைக் கொட்டச் சொன்னவனோ?

தம்பி: இல்லை, எட்டிப் பாத்திட்டு மூடிட்டான்.

பெரியம்மா: அரிசி மூட்டைக்குள்ள கம்பி விட்டுக் குத்தினவனோ?

தம்பி: இல்லை.

பெரியம்மா: அப்ப அவன் பற்றரி தேடேல்லை. சும்மா பொழுதுபோகாமல் நிண்டிருக்கிறான்.

தம்பி: களவா ஆக்கள் வருகினமாம். அதைப் பிடிக்கத்தான் நிக்கிறாங்கள்.

பெரியம்மா: (இலை உருவுவதை நிறுத்தி) நீ எப்பிடி மோனை பிரான்சுக்குப் போனனி?

தம்பி: அது... ஏஜென்சிக்காரன்...

பெரியம்மா: லொறிக்குள்ள. வெங்காய மூட்டைக்குப் பின்னால. கொம்மா ரெண்டு கிழமை சோறு தின்னேல்லை.

(தம்பி தேத்தண்ணியைக் குடிக்கிறான். அது எப்பவோ ஆறிவிட்டது.)

தம்பி: சுவிஸ்தான் பெரியம்மா மோசம். செங்கனுக்குள்ளதான் இருக்கு, ஆனா கஸ்ரம்ஸ் வேற. ஹைவேயில ஏற 40 பிராங்குக்கு ஸ்ரிக்கர் வாங்கோணும், இல்லாட்டி 200 பிராங் தண்டம். இறைச்சி ஆளுக்கு 1 கிலோதான் சும்மா விடுவாங்கள். மாமான்ர வீட்டுக்கு ரெண்டு பேர் 5 கிலோ ஆட்டிறைச்சி கொண்டு போனம். மிச்ச 3 கிலோவுக்கும் கிலோவுக்கு 17 பிராங் வாங்கினாங்கள்!

பெரியம்மா: வரியோ? இது எங்கட புளியங்குளத்தில இயக்கம் வாங்கின வரி மாதிரியெல்லோ கிடக்கு. துண்டு தந்தவையோ?

தம்பி: ஓம், ரிசீற் தந்தவங்கள்.

பெரியம்மா: இவையும் தந்தவை. வடிவான எழுத்து.

தம்பி: அதோட காரில சிவப்பு முக்கோணமும் பளிச்சிடுற சட்டையும் வைச்சிருக்கோணும். பிரான்சில அது சட்டம்.

பெரியம்மா: பற்றரி?

தம்பி: பற்றரியை விடுங்கோ பெரியம்மா!

பெரியம்மா: சரி, விட்டன். விடியப்புறம் ஓமந்தையை எத்தினை மணிக்குத் தாண்டினனீங்கள்?

தம்பி: தெரியாது. வானுக்குள்ள நல்ல நித்திரை. அதில ஒண்டும் இல்லைத்தானே, ஆமியின்ர செக்பொயின்ரை 2015இலயே எடுத்துப்போட்டாங்கள்.

பெரியம்மா: எடுத்தது எனக்கும் தெரியும். பஸ் அந்த இடத்துக்கு வர, என்ர கைதான் இப்பவும் தன்பாட்டில அடையாள அட்டையைத் தேடுது. (காம்பை முற்றத்தில் எறிகிறா.) நித்திரையாம்!