அடகு வாங்க வந்தவன் வாசல்லதான் நிக்கணும்

பைபிளோட முதல் பாகமான பழைய ஏற்பாட்டுல இருக்குற சட்டம்னாலே நம்மாளுங்களுக்கு ரெண்டுதான் ஞாபகம் வருது, கண்ணுக்குக் கண், அப்புறம் கல்லெறிஞ்சு கொல்றது. ரெண்டும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுல யாத்திராகமம்ங்கிற புத்தகத்தோட 21ஆம் அதிகாரத்துல இருந்து 23 வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சுப் பாருங்க, மாடு முட்டினா யார் பொறுப்பு, மூடாம விட்ட குழியில கழுதை விழுந்தா யார் காசு கட்டணும், தீ பரவி அடுத்தவன் பயிர் எரிஞ்சா என்ன நஷ்டஈடுன்னு பாதிக்கு மேல ஊர்ப் பஞ்சாயத்து வழக்குதான்.

எனக்கு இதுல பெருசாப் படுறது கடன் விஷயம். அதே பழைய ஏற்பாட்டுல உபாகமம் புத்தகம், 24ஆம் அதிகாரம் எடுங்க. கடன் குடுத்தவன் அடகு வாங்க வந்தா வீட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது, வெளிய நிக்கணும், கடன் வாங்கினவனே பொருளை எடுத்துட்டு வந்து குடுப்பான். மாவு அரைக்கிற திரிகைக் கல்லை அடகாக் கேக்கவே கூடாது, அது போச்சுன்னா அந்த வீட்ல சாப்பாடே இல்ல. ஏழையோட மேலாடையை வாங்கினா பொழுது சாயும்போது திருப்பிக் குடுத்துடணும், ராத்திரி போத்திக்க அவனுக்கு அது ஒண்ணுதான். தினம் சாயந்திரம் திருப்பிக் குடுக்குற அடகை வெச்சுக்கிட்டு கடன் குடுத்தவன் என்னத்தப் பண்ணுவான்? அதான் பாயிண்ட்டே.

ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 1960ல இஸ்ரேல் கடலோரத்துல மெத்சாத் ஹஷவ்யாஹுங்கிற பழைய கோட்டையில ஒரு பானை ஓடு கிடைச்சுது, கிமு 7ஆம் நூற்றாண்டு, எபிரெய எழுத்து. அறுப்புக் கூலியாள் ஒருத்தன் அதிகாரிக்குக் குடுத்த மனு அது. என் பங்கு வேலையை முடிச்சு தானியத்தையும் சேத்து வெச்சுட்டேன், அப்படியும் ஒருத்தன் வந்து என் துணியை எடுத்துட்டுப் போயிட்டான், வெயில்ல என்கூட அறுத்தவங்க எல்லாம் எனக்கு சாட்சி சொல்லுவாங்க, துணியைத் திருப்பி வாங்கிக் குடுங்கன்னு. சட்டத்தை மீறுனவங்களும் நிறைய இருந்திருக்காங்க, அடகுத் துணியை பலிபீடத்துப் பக்கத்துலயே விரிச்சுப் படுக்குறாங்கன்னு ஆமோஸ் தீர்க்கதரிசி சும்மாவா திட்டுறாரு.

அடிமை விஷயத்துல மட்டும் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்ல. ஓடி வந்த அடிமையை எஜமான்கிட்ட பிடிச்சுக் குடுக்காதேன்னு உபாகமம் 23 சொல்லுது, பழைய பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டத்துல அப்படி ஒளிச்சு வெச்சவனுக்கு மரண தண்டனை, அந்த அளவுக்கு வித்தியாசம். ஆனா லேவியராகமம் 25ல அந்நிய ஜாதி அடிமையை பிள்ளைகளுக்கு சொத்தா எழுதி வைக்கலாம்னும் அப்பட்டமா இருக்கு. ரெண்டையும் சேத்துதான் படிக்கணும்.

அப்புறம் தசமபாகம், அதாவது விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு காணிக்கை, பத்தி வாரா வாரம் பேசுற பாஸ்டர்களுக்கு ஒரு கேள்வி. உபாகமம் 14 கடைசியில மூணாம் வருஷ தசமபாகம் கோயில் ஊழியம் பண்ற லேவியனோட சேத்து பரதேசிக்கும் (வேற ஊர்ல இருந்து வந்து தங்கினவன்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகணும்னு இருக்கே, அடுத்த அதிகாரத்துலயே ஏழாம் வருஷம் கடனை விட்டுடுன்னு இருக்கே, அதை எப்ப பிரசங்கம் பண்ணப் போறீங்க?