ஒரே அலுவலகம், இரண்டு பருவம்

வெளியே வெப்ப அலை. வெயிலில் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வேறு. சரி, உள்ளேதானே இருக்கிறோம் என்று பார்த்தால், எங்கள் பக்கம் அதைவிட வேகிறது.

ஏசி எல்லோருக்கும் பொதுதானாம். ஆனால் சூட்டை அளந்து அதை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பது மேலாளர் அறைச் சுவரில். கதவைச் சாத்திய அந்தச் சின்ன அறை குளிர்ந்ததும், வேலை முடிந்ததென்று கம்ப்ரஸர் நின்றுவிடும். இங்கே பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கணினி, மேற்கு பார்த்த ஜன்னல். இதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

மின்விசிறி ஒன்று கொடுத்தார்கள். நம் தோலே ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைத் தாண்டினால் விசிறி வெக்கையைத்தான் வாரி இறைக்கும். வியர்வை காய்ந்தால் கொஞ்சம் ஆறுதல். இந்தப் புழுக்கத்தில் அதுவும் காய்வதில்லை.

சர்வர் அறைக்கு மட்டும் தனி ஏசி, இரவும் பகலும். சூடானால் இயந்திரம் கெட்டுவிடுமாம். நாங்கள் சூடானால்? நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

மேலாளரிடம் முறையிடப் போனேன். "ஏசி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றார், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே. ஐந்து நிமிடம் பேச வேண்டியதை அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.