நாவல் ஊருக்கு வந்து கனகாலம், சமையல் புத்தகம் இன்னும் வழியில் நிற்கிறது

எங்கள் திருகோணமலைப் பொது நூலகத்தில் நல்ல நாவல் எடுக்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். 'புதிய வரவுகள்' தட்டுக்கு நேரே போகாதீர்கள். இரவல் பகுதியில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவதற்கு முன் ஒரு மேசையில் குவித்து வைப்பார்கள் அல்லவா, அங்கே போய் நில்லுங்கள். புத்தகத்தைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் திகதித் தாளைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் ஊர் அந்தப் புத்தகத்தை விரும்பி வாசிக்கிறது. தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். முன்னுரை எழுதுகிறவர் பெரும்பாலும் ஆசிரியரின் நண்பர். முத்திரை குத்துகிறவருக்கு எந்த ஆசிரியரும் நண்பர் இல்லை.

இப்போது நூலகத்தை விட்டால் எனக்கு வேறு வழியும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடையில் புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்த்தாலே கை தானாகக் கீழே வைத்துவிடுகிறது. இந்திய விலை 400 ரூபா போட்ட நாவல் இங்கே ஆயிரத்துச் சொச்சம், கப்பல் செலவும் கடைக்காரர் லாபமும் சேர்ந்தால் இன்னும் மேலே. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத ஒரு புதிய எழுத்தாளருக்கு அவ்வளவு காசு கொடுக்க சம்பளக்காரர் யாருக்கும் மனம் வராது. நூலகத்தில் அந்தப் பயம் இல்லை. முப்பது பக்கம் வாசித்துச் சரிவராவிட்டால் கொண்டு போய்க் கொடுத்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. புலம்பெயர்ந்து எழுதுகிறவர்களின் தடித்த நாவல்கள், எழுபதுகளில் வந்த வீரகேசரிப் பத்திரிகையின் மெலிந்த நாவல் வெளியீடுகள், தமிழ்நாட்டில் போன வருடம் பேசப்பட்டவை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நான் வாசித்ததெல்லாம் இப்படி இரவல் வாங்கித்தான்.

சரி, நாவல் கதையை விட்டுச் சமையலுக்கு வருகிறேன். சமையல் புத்தகங்களின் முதுகில் 641.5 என்று ஒட்டியிருக்கும், நூலகங்கள் புத்தகங்களைப் பிரித்து அடுக்கப் பயன்படுத்தும் டூயி தசம வகுப்பில் சமையலுக்கு அதுதான் எண். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 610இல் மருத்துவம், 630இல் விவசாயம், அதற்கடுத்துச் சமையல். நட்டு, சமைத்து, வருத்தத்தையும் பார்த்துக்கொள் என்று அடுக்கி வைத்தது போல. நான் போவது சமைக்க மட்டும் இல்லை, வாசிக்கவும்தான். இரவில் படுத்துக்கொண்டு சமையல் புத்தகம் வாசிக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலராவது இருப்பீர்கள், வெளியே சொல்லமாட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. குறை நூலகத்தின் மேல் இல்லை, எங்கள் மேல்தான். அங்கே இருக்கும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை சென்னையில் அச்சானவை. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அருமையான புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைக்கும் நவராத்திரிக்கும் கந்தசஷ்டிக்கும் கைகொடுக்கும். ஆனால் அது மரக்கறிச் சமையல். மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் மீதி நாட்களுக்கு என்ன செய்வது? மீன் போட்ட புத்தகங்களை எடுத்தால் அங்கே வேறு பிரச்சினை. தேங்காயை அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடச் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் அரைப்பது சம்பலுக்கு, கறிக்குப் பால் பிழிவதுதானே வழக்கம்.

சூடை மீன் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள் போட்டு அவியவிட்டு, மீனைப் போட்டு, கரண்டி வைத்துக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. கடைசியில் முதற்பால். அது ஓரத்தில் நுரைத்துக்கொண்டு மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும், விட்டுவிட்டால் திரைந்து போகும். தேசிக்காய் இறக்கிய பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சொதி கெட்டது. நான் எடுத்துப் பார்த்த எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் இந்த நுரை விஷயம் இல்லை. திருகோணமலையில் பிட்டு அவிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஒருநாள் எடுத்த மீன் சமையல் புத்தகம் ஒன்றில், எனக்கு முன் கொண்டுபோன யாரோ பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார். அச்சில் இருந்த 'தேங்காய் விழுது' என்பதை மெல்லிய கோடு போட்டு வெட்டிவிட்டு, 'பால் விடவும். கடைசி.' இன்னொரு பக்கத்தில் 'தூள் காணாது'. அதற்குப் பக்கத்திலேயே மஞ்சள் கறை, விரல் அகலத்துக்கு. நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்பு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்த மனுசி (கையெழுத்தைப் பார்த்தால் மனுசி மாதிரித்தான் இருக்கிறது, ஆணாக இருந்தால் மன்னிக்கவும்) செய்த திருத்தம் ஒவ்வொன்றும் சரி. அந்தக் கறியை அவர் சொன்னபடி வைத்தேன், அச்சில் இருந்தபடி அல்ல.

இங்கேதான் நாவல் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. நாவல் விஷயத்தில் திருகோணமலை பின்தங்கிய ஊர் இல்லை. இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளையும் எங்கள் ஊர்க்காரர். ஆனால் முன்னது ஐரோப்பாவில் வழங்கிய கதை ஒன்றின் தழுவல், பின்னது தமிழ்நாட்டு நாயக்கர் காலத்துக் கதை. எழுதியவர்கள் எங்கள் ஆட்கள், கதை நடந்த இடம் வேறெங்கோ. அப்புறம் ஒரு அரை நூற்றாண்டுக்கு மேல் போய், மூதூர்க்காரர் வ.அ. இராசரத்தினம் எழுதிய காலத்தில்தான் கொட்டியாரக் குடாவும், சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவப் பையனும் கதைக்குள் வருகிறார்கள். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுப்புக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. கதை தன் சொந்த ஊரைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

சமையல் புத்தகத்தில் நாங்கள் இன்னும் 1895இல் நிற்கிறோம். கையில் இருப்பது எங்கள் சட்டி, வாசிப்பது தஞ்சாவூர்ச் சமையல். 'இலங்கைச் சமையல்' என்று ஆங்கிலத்தில் பளபளப்பான புத்தகங்கள் வருகின்றன, அவற்றில் கொழும்பு இருக்கிறது, காலி இருக்கிறது, யாழ்ப்பாணத்துக்கு நண்டுக்கறியும் கூழும் என்று ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். கிழக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். தம்பலகாமத்து எருமைத் தயிர், கூனிச் சம்பல், திருக்கை வறை, முரல் கருவாட்டுக் குழம்பு இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? கிண்ணியாவில் தூள் வறுக்கும் பக்குவம் வேறு, சாம்பல்தீவில் வேறு, ஒரே சந்தையில் ஒரே மல்லியை வாங்கிக்கொண்டு போய்த்தான் இரண்டு பேரும் வறுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை யார் எழுதி வைத்தது?

'எல்லாம் யூடியூப்பில் கிடக்கே' என்பீர்கள். கிடக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் பாதி நேரம் முன்னுரை, மீதி நேரம் பின்னணி இசை. நாலு வீட்டுக்காரர் ஒரே கறியை நாலு விதமாக வைப்பதை மேசையில் விரித்து ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தாள்தான் வேண்டும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கெல்லாம் ஆரும் புத்தகம் போடுவாங்களா பிள்ள? கைப்பழக்கம்தானே." அந்தக் கைப்பழக்கம் பெரியம்மாவின் கையோடு போய்விடக்கூடாது என்றுதான் சொல்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? "சும்மா ஒரு ஆசைக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவராகவே திருக்கைக்கு எவ்வளவு மிளகு என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மிளகு மட்டும் உள்ளங்கைக் கணக்கு, மற்றதெல்லாம் 'அளவாப் போடு'.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் 'வாசிப்பின் பயன்கள்' என்று அதே கட்டுரைப் போட்டி, அதே ஐந்து பயன்கள், பிள்ளைகளும் பாவம், ஆசிரியர்களும் பாவம். ஒரு வருடமாவது அதை நிறுத்திவிட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரின் கறியைக் கேட்டு எழுதி வா என்று சொல்லிப் பாருங்கள். அளவு, சட்டி, எந்த மாதத்து மீன், யாரிடம் பழகினது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களில் என்ன சமைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும், நல்ல கறிகள் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. நாற்பது பக்கம் சேர்ந்தால் போதும். போட்டோக்கொப்பி எடுத்து, சுருள் கம்பி போட்டு, ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுக்கலாம். 641.5இல் அதற்கு இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாடசாலைகள் செய்யும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. அம்மாவோ அம்மம்மாவோ எழுதிய சமையல் கொப்பி யாரிடமாவது இருந்தால் எனக்கு இரவல் தாருங்கள், எண்ணெய்க் கறை இருந்தால் இன்னும் நல்லது. தட்டச்சு செய்வது என் பொறுப்பு, கொப்பி பத்திரமாகத் திரும்பி வரும். 'தேவையான அளவு உப்பு' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு என்று வீட்டுக்கே வந்து கேட்டுக்கொள்கிறேன்.