வேர்ப்பூஞ்சைகள் எல்லாம் ஒரே வம்சம் இல்லை
அண்ணே, வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சைகள் எல்லாமே ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. நம் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில் தொட்டியில் வைக்கிற மிளகாய்ச் செடியின் வேர்செல்லுக்குள்ளே புகுந்து குட்டி மரம்போலக் கிளைவிடுவது குளோமெரோமைசீட்ஸ் என்ற பூஞ்சை வகை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. மிகப் பழைய கூட்டு இது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முந்தைய, வேரே இல்லாத செடிகளின் புதைபடிவத்திலும் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் செராயா மரத்தடியில் மழைக்குப் பிறகு சருகுக்கு இடையே தெரியும் மெல்லிய வேர்நுனிகளைக் குனிந்து பாருங்கள், வேறொரு பூஞ்சை உறைபோல மூடித் தடித்திருக்கும். அந்தப் பூஞ்சை செல்லுக்குள் நுழையாது. மக்கை உண்டு வாழ்ந்த வெவ்வேறு காளான் வம்சங்களிலிருந்து பலமுறை தனித்தனியாகத் தோன்றிய பழக்கம் அது. அப்புறம், பூஞ்சை தாவரமும் இல்லை, விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு. பிள்ளைகளும் படிக்கிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.