கம்பிவேலிக்குள் இருக்கும் பழைய மண்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தபோது கடப்பாரை ஒரு தாழியின் விளிம்பில் பட்டது. மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தோம். உள்ளே ஒரு சிறு கிண்ணம் இருந்தது. உட்புறம் முழுக்கக் கறுப்பு, வெளியே அடிப்பாகம் செங்காவிச் சிவப்பு, நேற்று துடைத்து வைத்ததுபோன்ற வழவழப்பு. மலையாளத்தில் நன்னங்ஙாடி என்பார்கள். நமக்கு முதுமக்கள் தாழி. நான் யாரிடம் சொல்வது என்று விசாரித்துத் திரும்புவதற்குள் குழியை மூடிக் கன்றை நட்டுவிட்டார்கள். அன்றைக்கே தடுக்காதது என் தவறு. அந்த வருத்தத்தில்தான், இராணுவ நிலங்களுக்குள் மிஞ்சியிருக்கும் இத்தகைய இடங்களையாவது தேடிக் குறித்துவைக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் இப்படித்தான் உழவிலும் கல்குவாரியிலும் மனைப்பிரிவிலும் பழைய ஈமக்காடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. மலம்புழா அணையின் தீவுத் திட்டுகளில் இறந்தோருக்காகக் கற்களால் எழுப்பிய பெருங்கற்காலச் சின்னங்கள் 110க்கும் மேற்பட்டவற்றை இந்தியத் தொல்லியல் துறை 2025இல் கண்டறிந்தது. சுற்றிலும் நீர் நின்றதால் ஏரும் ஜேசிபியும் எட்டாத மேடுகள் அவை. இராணுவத்தின் கம்பிவேலியும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாளையாறு தாண்டி மதுக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம், வெளியே நாம் அழித்துவிட்ட நிலத்தின் பழைய முகம் அந்த வேலிகளுக்குள்தான் மிஞ்சியிருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வேலி மட்டும் போதாது. பதுங்குகுழி வெட்டுவதும், கவச வண்டி ஓட்டுவதும், குடியிருப்பு கட்டுவதும் அங்கே அன்றாட வேலைகள். 2003–04இல் ஈராக்கின் பாபிலோன் இடிபாடுகளின்மேல் முகாமிட்ட அமெரிக்கக் கூட்டுப்படை, பானையோடும் எலும்பும் கலந்த அந்த மண்ணையே அள்ளி மணல்மூட்டை நிரப்பியது. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தாலே போதும். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியிலோ பீரங்கிப் பயிற்சி நடக்கும் நிலத்துக்குள்ளேயே 2,000க்கும் மேற்பட்ட தொல்லிடங்களைக் குறித்துவைத்து, தோண்டக்கூடாத இடம் எதுவென்று சிப்பாய்க்கே தெரியும்படி அடையாளப் பலகை நட்டிருக்கிறார்கள். போரில் காயம்பட்ட வீரர்கள் அங்கே அகழாய்விலும் பங்கெடுக்கிறார்கள்.

நம் நாட்டில் பாதுகாப்புத் துறை நிலம் ஏறத்தாழ 17.78 இலட்சம் ஏக்கர். டிரோன் படங்கள் உள்ளிட்ட புதிய முறைகளால் அத்தனையும் அளந்து முடித்ததாக 2022 சனவரியில் அரசு அறிவித்தது. எல்லையையும் ஆக்கிரமிப்பையும் அறிவதற்கான அந்த நில அளவைப் பணி, கல்வட்டங்களையும் தாழிக்காடுகளையும் தேடவும் பயன்படலாமே? தொல்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் தரும், சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்ற தடை, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்குத்தான்; பதிவேடே இல்லாத தாழியை அது காக்காது. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954 ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதற்கான வல்லுநர்களை அமைதிக் காலத்திலேயே படைக்குள் ஏற்படுத்தத் திட்டமிட வேண்டும் என்பது அதன் 7ஆம் பிரிவு.

இராணுவ இரகசியம் கெடும் என்பார்கள். வரைபடம் இராணுவத்திடமே இருக்கட்டும்; புதையல் தேடுவோருக்கு அஞ்சித் தொல்லிடங்களின் சரியான இருப்பிடத்தை மறைப்பது ஆய்வாளர்களுக்கும் பழக்கமானதே. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் என்பதும் உண்மை. சிதறிய இரும்புத் துண்டுகளால் தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதை அறிய உதவும் காந்தமானிக் கருவியும் அங்கே குழம்பும். ஆகவே தொடக்கத்தில் தோண்டவே வேண்டாம். சுடும் பயிற்சி இல்லாமல் சுடுதளத்தில் சிவப்புக்கொடி இறங்கியிருக்கும் நாட்களில், வெடிகுண்டு அகற்றும் வீரர்கள் முன்னே செல்ல, நான்கைந்து ஆய்வாளர்கள் வரிசையாக இடைவெளி விட்டு நடந்து, தரையில் தெரியும் பானையோடுகளையும் கற்களையும் குறித்துக்கொண்டு வர அனுமதித்தால் போதும். புதிய கட்டுமானத்துக்கு மண்வெட்டி விழும் முன் அந்த நடை நடந்திருக்க வேண்டும்.