கடைசியில்தான் பிறந்தார்

கோவைப் பக்கம் கருமத்தம்பட்டியில் ஒரு பேக்கரி. காலை பதினோரு மணி. அன்பியத்துக் (பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) கணக்குப் பார்க்கும் அக்கா நாற்பது பக்க நோட்டை விரித்து வைத்திருக்கிறார். எதிரே வேன்காரத் தம்பி. புனித தேவசகாயத்தின் ஊருக்கு இருபது பேரை ஏற்றிக்கொண்டு போய்வந்து மூன்று நாள் ஆகிறது. வாடகையில் பாக்கி நிற்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் பக்கத்தில் ‘ங்க’ என்பது மரியாதை மட்டும் அல்ல. பழகியவர்களிடம் அது திடீரென்று கூடினால் சண்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அக்கா: வாங்க தம்பி, உட்காருங்க. டீ சொல்லட்டுங்களா?

தம்பி: என்னங்கக்கா, ‘வாங்க’ எல்லாம் பலமாக இருக்குது? எப்பவும் ‘டேய்’ என்றுதானே கூப்பிடுவீங்க?

அக்கா: பில்லைப் பார்த்தேனுங்க. அதுதானுங்க.

தம்பி: பில்லில் என்னங்கக்கா தப்பு?

அக்கா: அதற்கு அப்புறம் வரலாம். நான் ஒரு தாள் கொடுத்தேன் பார், அதில் என்ன எழுதியிருந்தது? 1712, நட்டாலம், பிறப்பு. 1745, வடக்கன்குளம், ஞானஸ்நானம். 1749, கைது. அப்புறம் புலியூர்க்குறிச்சி, தாகத்துக்குப் பாறையில் தண்ணீர். 1752, காற்றாடிமலை, சுட்டது. கடைசியில் கோட்டாறு, கல்லறை. நீ எப்படிக் கூட்டிப்போனே?

தம்பி: ரோடு எப்படிப் போகுதோ அப்படிங்கக்கா. திருநெல்வேலி தாண்டினால் முதலில் வடக்கன்குளம். அப்புறம் கணவாய் ஏறினால் ஆரல்வாய்மொழி, அங்கேயே காற்றாடிமலை. அதைத் தாண்டி நாகர்கோவில், கோட்டாறு. அதற்கும் மேற்கே புலியூர்க்குறிச்சி. நட்டாலம் எங்கேயோ மார்த்தாண்டம் பக்கம்.

அக்கா: ஆக, முதலில் ஞானஸ்நானம் வாங்கினார். அடுத்தது சுட்டுவிட்டார்கள். அப்புறம் அடக்கம். அடக்கம் ஆன அப்புறம் தாகம் எடுத்துத் தண்ணீர் தேடினார். எல்லாம் முடிந்து கடைசியில்தான் பிறந்தார்!

தம்பி: அவர் மேற்கே பிறந்ததற்கு நான் என்னங்கக்கா பண்ணுவேன்?

அக்கா: பின்சீட்டு அம்மாயி நட்டாலத்தில் இறங்கி என்னிடம் கேட்கிறார், “ஏம்மா, இவர் அந்தச் சுட்டவரோட பேரனா?” என்று.

தம்பி: திரும்பி வரும்போது வரிசை சரியாகத்தானே வந்தது?

அக்கா: திரும்பி வரும்போது எல்லாரும் தூங்கிவிட்டோம். முழித்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. கோட்டாறு முதலில் வருது, காற்றாடிமலை அப்புறம் வருது. அடக்கம் பண்ணிவிட்டு, அதற்கப்புறம் சுடுகிறார்கள்.

தம்பி: ஆனால் ஒன்றுங்கக்கா. அவரையே எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்துத்தானே ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள்? நாமும் பின்னாடி இருந்தே போனோம். பொருத்தம்தானே?

அக்கா: டேய்.

தம்பி: (நிம்மதியாக) அப்பாடா, ‘டேய்’ வந்துவிட்டது. கேலிக்குச் சொல்லலைங்கக்கா. எங்கள் அம்மாயி எருமை வைத்திருந்தார். அதன் முதுகு வழுவழு என்று இருக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. நேராக உட்கார்ந்தாலே இரண்டு தரம் விழுந்திருக்கிறேன். வழியில் குட்டையைக் கண்டால் நம்மோடு சேர்த்து இறங்கிவிடும். அதில் பின்னால் பார்த்து, கையும் கட்டி... அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

(டீ வருகிறது. தம்பி தேங்காய் பன்னையும் சேர்த்துச் சொல்கிறார். அது யார் கணக்கு என்று அக்கா கேட்கவில்லை, பார்க்கிறார்.)

அக்கா: உனக்கு அங்கே எதுதான் பிடித்தது?

தம்பி: காற்றாடிமலைங்கக்கா. என்ன காற்று! அங்கே நிற்கிற காற்றாலைகளில் நம்ம பக்கத்து மில்லுக்காரர்களுடையதே எத்தனையோ இருக்குது. மலைக்குப் பேர் வைத்ததும் அவங்களோ என்று நினைத்தேன்.

அக்கா: பேர் பழசு. காற்று அதைவிடப் பழசு. நீ அந்த மணியடிச்சான் பாறையிலே என்ன பண்ணிக்கொண்டிருந்தே? எல்லாரும் பக்தியோடு சின்னக் கல்லால் தட்டி, மணிச்சத்தம் கேட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போகிறார்கள். நீ வண்டியிலிருந்து இரும்புத் தடியை எடுத்து வந்து...

தம்பி: டயர் தட்டிப் பார்க்கிற தடிங்கக்கா. கை பழக்கம். நல்ல டயர் என்றால் ‘டங்’ என்று எகிறும். காற்று குறைந்தது ‘தொப்’ என்று அடங்கும். அந்தப் பாறை ‘டண்’ங்குது பாருங்க, சும்மா வெண்கலம் மாதிரி.

அக்கா: “ஃபுல் காற்று” என்று சத்தமாகச் சொன்னே. குருவானவர் திரும்பிப் பார்த்தார்.

தம்பி: சந்தேகம் ஒன்று இருக்குதுங்கக்கா. புனிதர் பட்டம் 2022இல் மே 15 என்று எழுதியிருக்கு. அந்தப் பக்கத்துக் கல்வெட்டில் 2012 டிசம்பர் 2 என்று இருக்கு. எது சரி?

அக்கா: இரண்டும். 2012இல் நாகர்கோவிலில் அருளாளர் என்று அறிவித்தார்கள். பத்து வருஷம் கழித்து ரோமில் போப் பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தார். குருவானவரோ கன்னியாஸ்திரியோ இல்லாமல், குடும்பஸ்தராக இருந்து புனிதரான முதல் இந்தியர் இவர்தான்.

தம்பி: ஓ! முதலில் எல்.எல்.ஆர்., அப்புறம் லைசென்ஸ்.

அக்கா: (யோசித்து) ...ஏறக்குறைய.

தம்பி: பத்து வருஷமா எல்.எல்.ஆரிலேயே வைத்திருந்தாங்களா? நம்ம ஊர் எவ்வளவோ தேவலை. நான் முதலில் யாரோ இத்தாலிக்காரர் என்றுதான் நினைத்தேனுங்க. போய்ப் பார்த்தால் ஞானஸ்நானத்துக்கு முன்னாடி பேரு நீலகண்டன்! எங்க சாமி பேரு. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம் வேற.

அக்கா: அந்த உத்தியோகத்தில்தான் டிலனாயோடு பழக்கம். டச்சுக் கப்பல் படைத்தலைவர். 1741இல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார்.

தம்பி: பிடித்து உள்ளே போட்டாங்களா?

அக்கா: பிடித்து, தன் படைக்கே வாத்தியாராகப் போட்டார் ராஜா.

தம்பி: இதுதானுங்க முதலாளி! போட்டிக்காரன் மில்லிலிருந்து ஃபிட்டரை இழுக்கிற மாதிரி.

அக்கா: நீலகண்டனுக்கு வீட்டிலே கஷ்டம் மேலே கஷ்டம், மாடு சாகிறது, பயிர் போகிறது. டிலனாய் பைபிளில் இருந்து யோபு கதையைச் சொன்னார். எல்லாம் போயும் கடவுளைத் திட்டாத மனுஷன். அந்தக் கதைதான் திருப்பிவிட்டது.

தம்பி: நூல் விலை ஏறி எட்டுத் தறியையும் பழைய இரும்புக்குப் போட்டப்போ எனக்கு எல்லாரும் கதை சொன்னாங்க. ஒருத்தரும் யோபு கதை சொல்லலை. “கோழிப்பண்ணை போடு” என்றுதான் சொன்னாங்க.

அக்கா: அப்புறம் ஒரு விஷயம். கோட்டாறில் இறங்கும்போது முன்சீட்டுப் பெரியவர் உன்னிடம் என்னமோ கேட்டாரே?

தம்பி: “இவர் எந்த ஆளுங்க தம்பி?” என்றார். நம்மூர்ப் பழக்கம், டீ குடிக்கிறதுக்குள்ளே கேட்டுவிடுவார்கள். நான் அதை உங்களிடம் தள்ளிவிட்டேன்.

அக்கா: நான் சொன்னேன், “ஐயா, எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், மேல்சாதிக்காரர்களுக்கு ஆகவில்லை, மூன்று வருஷம் அடிபட்டு உயிரையே விட்டார். நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியால்தான்” என்று.

தம்பி: அதற்கு அவர்?

அக்கா: “அது சரிங்கம்மா, இருந்தாலும் எந்த ஆளு?” என்றார்.

(இருவரும் கொஞ்ச நேரம் டீயைப் பார்க்கிறார்கள்.)

அக்கா: சரிங்க தம்பி. இப்ப பில்லுக்கு வரலாமுங்களா?

தம்பி: மறுபடியும் ‘ங்க’...

அக்கா: ‘புலியூர்க்குறிச்சி, வெயிட்டிங், ஒரு மணி நேரம், ரூ. 300.’ யார் வெயிட்டிங்? நாங்கள் உதயகிரிக் கோட்டைக்குள் போய் டிலனாய் கல்லறையைப் பார்த்துவிட்டு அரை மணியில் வந்துவிட்டோம். வேன் பூட்டிக் கிடக்குது. இருபது பேர் வெயிலில் நிற்கிறோம். உன்னைக் காணோம்.

தம்பி: நான் அந்த முட்டிடிச்சான் பாறையில்தான் இருந்தேனுங்கக்கா.

அக்கா: அங்கேதான் காலையிலேயே எல்லாரும் போய்வந்தோமே?

தம்பி: நீங்கள் கும்பிட்டுவிட்டு வந்தீங்க. நான் பார்க்கப் போனேன். அக்கா, நீங்களே சொல்லுங்க. என் தோட்டத்தில் தண்ணிக்கு மூன்று போர்வெல் போட்டிருக்கிறேன். முதலாவது எண்ணூறு அடி. இரண்டாவது ஆயிரம். மூன்றாவது ஆயிரத்து இருநூறு, விடிய விடிய ஓட்டினாங்க. வந்தது வெறும் வெள்ளைப் புழுதி. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை எல்லாம் பவுடர் போட்ட மாதிரி நிற்குது. அங்கே மனுஷன் தாகத்தில் முழங்கையால் பாறையை ஒரு இடி இடித்தார், தண்ணி வந்தது என்கிறார்கள்! இன்றைக்கும் அந்தக் குழியில் தண்ணி நிற்குது, நானே தொட்டுப் பார்த்தேன். ஒரு முழம் ஆழம் இருக்குமா? அடிக்கு எவ்வளவு என்று போர் வண்டிக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வார்?

அக்கா: அதற்காக ஒரு மணி நேரம் குழியைப் பார்த்துக்கொண்டு நின்னயா?

தம்பி: ...சுற்றி நடந்தேனுங்க.

அக்கா: நடந்தயா? சமையலுக்கு வந்த பாப்பா வேற சொன்னா. “டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையிலே என்னமோ வைத்துக்கொண்டு, பாறையைச் சுற்றிச் சுற்றி வர்றார், ரொம்ப பக்தி” என்று.

தம்பி: அவ ஏனுங்க அதையெல்லாம் பார்க்கிறா...

அக்கா: அன்று ராத்திரி தேங்காய்ச் சட்னிக்கு ஐந்து தேங்காய் வைத்திருந்தேன். நான்குதான் இருந்தது.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) அக்கா, நீரோட்டம் பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டு நடந்தால், கீழே தண்ணி இருக்கிற இடத்தில் எழுந்து நிற்கும். என் தோட்டத்தில் மூன்று தரமும் எழுந்து நின்றது, தண்ணிதான் வரலை. அதனாலே தேங்காய் பொய்யா, தோட்டம் பொய்யா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தண்ணி கண்டிப்பா இருக்கிற இடத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றுதான்...

அக்கா: எழுந்து நின்றதா?

தம்பி: ஆடவே இல்லீங்க. செத்த எலி மாதிரி படுத்தே கிடந்தது.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்ப தோட்டத்து மேல் தப்பு இல்லீங்களே. தேங்காய் பார்த்த இடம்தான் தப்பு. வடமேற்கு மூலையில் தேங்காய் படுத்தே கிடந்தது. அங்கே இன்னொரு போர்...

அக்கா: நாலாவதா? உன் வீட்டுக்காரி தாலி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாளே, இனிமேல் போர் வண்டி வாசலுக்கு வரக்கூடாது என்று?

(தம்பி பில்லை மெல்ல இழுத்து, பேனாவை வாங்கி, ‘வெயிட்டிங் ரூ. 300’ என்பதை இரண்டு கோடு போட்டு அடிக்கிறார்.)

தம்பி: இது வேண்டாமுங்கக்கா. பன்னுக்கும் நானே கொடுத்துவிடுகிறேன்.

அக்கா: தேங்காய்?

தம்பி: அதையும் கழித்துக்கொள்ளுங்க. ஆனால் ‘தேங்காய்’ என்று மட்டும் எழுதாதீங்க. அவ உங்கள் நோட்டைப் பார்ப்பா.

அக்கா: வேற என்ன எழுதட்டுமுங்க தம்பி?

தம்பி: ‘ங்க’ வேண்டாமுங்கக்கா, பயமா இருக்கு. சட்னி என்று எழுதிக்கொள்ளுங்க.